இடது பக்கத்து எழுத்து

வண்டியின் பெயர் தாவு. மின்சார ஸ்கூட்டர். வலது பக்கம் நின்று பார்த்தால் பெயர் முன்னால் பாயும். இடது பக்கம் நின்று பார்த்தால் பின்னால் விழும்.

அந்தப் பெயரை வரைந்தவள் ஜெயமணி. ஓசூர் சிப்காட்டில் வண்டிகளுக்கு ஸ்டிக்கர் வெட்டித்தரும் கம்பெனியில் வேலை. ஸ்கூட்டர் கம்பெனியிடம் ஆங்கிலத்தில் ஓர் எழுத்துரு இருந்தது. தடித்தது, அகலமானது, வலப்பக்கம் சாய்ந்தது. ஓடுகிறவர்களின் காலணியிலும் விலை கூடிய கைக்கடிகாரத்திலும் வரும் ரகம். தமிழிலும் அதே மாதிரி வேண்டும் என்றார்கள்.

மூன்றே வடிவம். ஒரு த, ஒரு கால், ஒரு வு. அவளுக்கு மூன்று மாதம் பிடித்தது. ஆங்கிலத்தில் கோடுகள் அதிகம், சாய்த்தால் ஓடும். தமிழில் வளைவுகள் அதிகம், சாய்த்தால் தடுக்கிக்கொள்ளும். வளைவுகளைத் தட்டையாக்கினாள். த-வின் வாலைப் படுக்கவைத்தாள். வு-வின் கீழ்க்கோட்டை இழுத்து நீட்டினாள். ஒரு நாள் காலையில் கணினியைத் திறந்தபோது பெயர் ஓடியது.

வண்டியில் ஒட்டிய பிறகுதான் இடது பக்கத்தைக் கவனித்தாள்.

வலது பக்கத்தில் வண்டியின் முகம் வாசிப்பவரின் வலக்கைப் பக்கம் இருக்கிறது. எழுத்தும் அந்தப் பக்கமே சாய்கிறது. இடது பக்கத்தில் முகம் இடக்கைப் பக்கம் போய்விடும். எழுத்து மட்டும் பழையபடி வலப்பக்கம், பின்விளக்கை நோக்கிச் சாயும். வண்டி ஒரு பக்கம் போக, பெயர் மறுபக்கம் இழுக்கும்.

இடது பக்கத்துக்கென்று வேறொன்று வரைந்தாள். இடப்பக்கம் சாய்ந்தது. சாய்வைத் திருப்பினால் போதாது, எல்லா வளைவையும் மறுபடி வரைய வேண்டும். வரைந்து கொண்டுபோய்க் காட்டினாள்.

"லோகோ ஒண்ணுதான் மேடம் இருக்க முடியும்" என்றார் பெங்களூர் அலுவலகத்திலிருந்து வந்தவர்.

"இடது பக்கம் பின்னால விழுற மாதிரி இருக்கு சார்."

அவர் வண்டியைப் பார்த்தார். பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்தார். "யாருக்காவது அப்படித் தெரியுதா?"

ஒருவருக்கும் தெரியவில்லை.

திரும்பி வரும்போது மாதேஷ் சொன்னார். ஸ்டிக்கர் கம்பெனி முதலாளி அவர். உள்ளூர்க்காரர். "ஏம்மா, வண்டி வாங்கறவன் ஒரு சார்ஜுக்கு எத்தன கிலோமீட்டர் போவும்னு பாப்பானா, எழுத்து எந்தப் பக்கம் சாயுதுன்னு பாப்பானா?"

வண்டி சாலைக்கு வந்தது. நிறைய விற்றது. பாகலூர் ரோட்டில், ராயக்கோட்டை ரோட்டில், கெலவரப்பள்ளி அணைக்குப் போகும் வழியில் எங்கும் தாவு. ஓரமாக நடப்பவளை முந்திக்கொண்டு போகும் வண்டிகளில் அவளுக்குத் தெரிவது இடது பக்கம்தான். நின்று பார்ப்பாள். இதைச் சொல்ல ஆள் இல்லை. சொல்லிப் பார்த்தவர்களும் தலையாட்டிவிட்டு வேறு பேசினார்கள்.

மத்திகிரியில் மாடியில் ஒற்றை அறை. கணவன் முத்துக்குமார் புனே பக்கம் சாக்கனில் இருந்தான். இரண்டு பேரும் விளாத்திகுளம் பக்கத்திலிருந்து ஒன்றாகத்தான் ஓசூர் வந்தார்கள். அவன் கம்பெனி அவனை அங்கே மாற்றியது. வா என்றான். இந்த எழுத்து முடியட்டும் என்றாள். பிறகும் சில தடவை கேட்டான். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்து எழுத்து முடிந்ததா என்று மட்டும் கேட்கிறான்.

முடியவில்லை என்பது உண்மைதான். தாவு நன்றாகப் போனதால் ஸ்கூட்டர் கம்பெனி தமிழ் எழுத்து முழுவதையும் கேட்டது. ஷோரூம் பலகைக்கு, வண்டித் திரைக்கு, விளம்பரத்துக்கு. ஒப்பந்தம் இன்னும் எழுதவில்லை. இந்த வருட சப்ளை ஒழுங்காக முடியட்டும், உங்களுக்கே தருகிறோம் என்றார்கள். அவள் காத்திருக்கவில்லை. உயிரெழுத்தை முடித்து, மெய்யில் பாதிக்கு மேல் வந்துவிட்டாள். ஒவ்வோர் எழுத்துக்கும் வலச்சாய்வு ஒன்று, யாரும் கேட்காத இடச்சாய்வு ஒன்று.

ண வராமல் அடம் பிடித்தது. தடித்து, அகன்று, சாய்ந்த ண. மாதேஷ் திரையை எட்டிப் பார்த்தார். "இது எழுத்தா, டிரெய்லர் லாரியா? திருப்பறதுக்கே ஒரு கிரவுண்டு எடம் வேணும்போல."

அவள் சிரித்தாள். அன்று அவள் வாய் திறந்தது அதற்கு மட்டும்தான்.

*

ஸ்கூட்டர் கம்பெனியிலிருந்து புகார் வந்தது. இடது பக்க ஸ்டிக்கர் கோணலாக இருக்கிறது. நேரில் வந்து பாருங்கள்.

மாதேஷும் அவளும் போனார்கள். தரம் பார்க்கும் ராஜ்குமார் வாசலிலேயே நின்றிருந்தான்.

"வாங்க மேடம். உங்க புள்ளைங்க எல்லாம் வரிசையா வெயில்ல நிக்குது. வந்து கூட்டிட்டுப் போங்க."

பின்பக்க முற்றத்தில் ஒதுக்கிவைத்த வண்டிகள் நின்றன. எல்லாம் இடது பக்கம் காட்டி. ஜெயமணி முதல் வண்டியின் முன் நின்றாள். பிறகு அடுத்தது. பிறகு சற்றுத் தள்ளிப்போய் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தாள்.

பெயரின் பின் முனை ஒரு விரல் அளவு மேலே தூக்கியிருந்தது. பெயர் மொத்தமும் அந்த அளவு திரும்பியிருந்தது. அதனால் எழுத்துகள் பின்னால் சாயவில்லை. நிமிர்ந்து நின்றன. முன்னால் பாயவில்லை, ஆனால் விழவில்லை.

ஒவ்வொன்றிலும் அதே ஒரு விரல்.

"கை தப்புன்னா ஒண்ணு ரெண்டு வரும்" என்றான் ராஜ்குமார். "ஒண்ணு மேல போவும், ஒண்ணு கீழ எறங்கும். இது எல்லாமே ஒரே மாதிரி. அதான் எனக்கு டவுட்டு."

"என்ன டவுட்டு?" என்றார் மாதேஷ்.

"ஸ்டிக்கர் ஒட்டறதே பி ஷிஃப்ட்லதான். இடது பக்கம் ஒட்டறது ஒரே பொண்ணு. மேகலான்னு, காவேரிப்பட்டினம். கான்ட்ராக்ட். ஒண்ணு அவ வேணும்னு பண்றா. இல்லைன்னா உங்க ஷீட்ல நாட்ச் தப்பு. வேணும்னு பண்ணியிருந்தா இன்னைக்கே கார்டு வாங்கிட்டு வேலைய விட்டே அனுப்பிடுவன். ரெண்டுல எதுன்னு நீங்க சொல்லுங்க."

ஸ்டிக்கரைத் தாங்கிவரும் தாளின் ஓரத்தில் சிறிய வெட்டு ஒன்று இருக்கும். அதுதான் நாட்ச். வண்டியின் தகட்டில் ஓடும் கோட்டோடு அதைப் பொருத்தி ஒட்ட வேண்டும். எழுத்து இரண்டு பக்கமும் ஒன்றுதான். தாள் மட்டும் இடதுக்கு வேறு, வலதுக்கு வேறு. இரண்டிலும் நாட்ச் வைத்தவள் ஜெயமணி. அது சரியாக இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும்.

"ஒட்டறதைப் பாக்கலாமா?" என்றாள்.

உள்ளே சத்தமாக இருந்தது. ராஜ்குமாருக்குப் போன் வந்தது. அவனும் மாதேஷும் பின்தங்கினார்கள். ஜெயமணி தூண் ஓரமாக நின்றுகொண்டாள்.

மேகலா ஒல்லியாக இருந்தாள். நீலச் சட்டை, தலையில் வலை. ஒரு தாளை எடுத்தாள். நாட்சைக் கோட்டில் வைத்தாள். சரியாகத்தான் வைத்தாள். உடனே ஒட்டவில்லை. தலையைச் சாய்த்துப் பார்த்தாள். தாளின் பின் முனையை மெல்லத் தூக்கினாள். மறுபடி பார்த்தாள். பிறகு பிளாஸ்டிக் தகட்டால் ஒரே இழுப்பாகத் தேய்த்தாள்.

அடுத்த வண்டி வந்தது. அதே போல் தலையைச் சாய்த்தாள்.

ஜெயமணி தூணைப் பிடித்துக்கொண்டாள். இவளுக்குத் தெரிகிறது. பெங்களூரிலிருந்து வந்தவருக்குத் தெரியவில்லை, மாதேஷுக்குத் தெரியவில்லை, வண்டி ஓட்டுகிற ஒருவருக்கும் தெரியவில்லை. இந்த இரைச்சலில் நிற்கும் ஒருத்திக்குத் தெரிகிறது. தெரிந்து, தன்னால் முடிந்ததைச் செய்கிறாள்.

ராஜ்குமார் போனைப் பையில் போட்டுக்கொண்டு வந்தான். "பாத்தீங்களா?"

"பார்த்தேன்."

"வேணும்னு பண்றாளா?"

"இல்ல சார். நாட்ச்ல வச்சுத்தான் ஒட்டுறாங்க. நாட்ச் தப்பு. இடது பக்கத் தாளுக்கு நான்தான் தப்பா வச்சிட்டேன்."

மாதேஷ் அவளைத் திரும்பிப் பார்த்தார்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க மேடம்" என்றான் ராஜ்குமார். "ரிஜெக்ட் எல்லாம் உங்க தலையில விழும்."

"என் தப்புதான். புதுத் தாள் வெட்டித் தாரோம். தாளைப் பிடிச்சு நிறுத்த ஒரு ஜிக்கும் செஞ்சு தாரோம். அப்புறம் யாரு ஒட்டினாலும் ஆடாது."

சொல்லி முடித்த பிறகுதான் ஜிக் வந்தால் மேகலாவாலும் முனையைத் தூக்க முடியாது என்று நினைத்தாள். அதற்குள் ராஜ்குமார் கைகுலுக்கிவிட்டான்.

காரில் மாதேஷ் ஒருவரிடம் கன்னடத்தில் பேசினார். இன்னொருவரிடம் தெலுங்கில் கத்தினார். போனை வைத்துவிட்டுத் தமிழுக்கு வந்தார்.

"நீ வந்ததிலேர்ந்து ஒரு நாட்ச் தப்பா வச்சதில்ல."

ஓரமாகப் போன தாவு ஒன்றை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாரு அந்தப் பொண்ணு? உங்க ஊரா?"

"தெரியாது சார்."

"தெரியாதவளுக்கா இது? நான் சொந்தத் தம்பிக்கே பண்ண மாட்டனே." சிக்னலில் கார் நின்றது. அவர் ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டிருந்தார். "அந்த முழு எழுத்து வேலை போயிடும். தெரியுமில்ல?"

"தெரியும்."

"தெரிஞ்சே." அவர் சிரிக்கப் பார்த்தார், சிரிப்பு வரவில்லை. "சரி விடு. அந்த லாரி எழுத்த இனிமே நான் பாக்க வேணாம்."

வாரம் முடிவதற்குள் தகவல் வந்தது. தமிழ் எழுத்து வேலையைப் பெங்களூரில் ஒரு ஸ்டூடியோவுக்குக் கொடுத்திருந்தார்கள்.

*

அவள் எதிர்பார்த்த அளவு வலிக்கவில்லை. காலையில் நினைத்துக்கொண்டு எழ ஒரு விஷயம் இருந்தது. மேகலாவிடம் என்ன பேசுவது என்று யோசித்தாள். எப்போது முதலில் தெரிந்தது என்று கேட்க வேண்டும். மற்ற வண்டிகளிலும் பார்க்கிறாளா, பேருந்துகளில், லாரிகளில். தான் பார்க்கிற எல்லாவற்றையும் இவளும் பார்க்கிறாளா. குளிக்கும்போதும் சோறு வடிக்கும்போதும் கேள்விகள் வந்தன. தனக்குள் பேசிக்கொண்டிருக்கிறோம் என்று ஒரு தடவை தெரிந்து நிறுத்தினாள்.

இடச்சாய்வுத் தாவு-வைத் தாளில் அச்செடுத்தாள். மடிக்காமல் அட்டை வைத்துப் பையில் எடுத்துக்கொண்டாள்.

பி ஷிஃப்ட் ஆட்கள் மதியம் உள்ளே போகும் முன் வாசலுக்கு எதிரே டீ குடிப்பார்கள். அங்கே போய் நின்றாள். ஷிஃப்ட்டுக்கு வந்தவர்களின் ஸ்கூட்டர்கள் வேலி ஓரமாகச் சாய்ந்து நின்றன. நான்கைந்து தாவு இருந்தது.

கம்பெனி பஸ் வந்தது. பெண்கள் இறங்கினார்கள். மேகலா கடைசியில் வந்தாள். தலையில் வலை இல்லாமல் இன்னும் சின்னவளாகத் தெரிந்தாள்.

"மேகலா தானே?"

"ஆமாங்க. நீங்க?"

"ஸ்டிக்கர் கம்பெனி. ஜெயமணி. அந்த எழுத்தை நான்தான் வரைஞ்சேன்."

"ஐயோ, அக்கா! நீங்கதானா அது?" மேகலா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "உங்களால எனக்கு எவ்ளோ திட்டு தெரியுமா?"

"என்னாலயா?"

"பின்ன? நாட்ச் நீங்கதான தப்பா வச்சீங்க. லைன் லீடர் ஒரு வாரம் என்னயே மொறைச்சிட்டுத் திரிஞ்சாரு. அப்புறம் ஸ்டிக்கர் கம்பெனி மிஸ்டேக்குன்னு சொன்னதும்தான் எனக்கு மூச்சே வந்துச்சு." சிரித்தாள். "பரவால்லக்கா. யாருக்குதான் தப்பு நடக்கல."

ஜெயமணி இரண்டு டீ சொன்னாள்.

"ஒண்ணு சொல்றன், யாருகிட்டயும் சொல்லக் கூடாது" என்றாள் மேகலா. குரலைத் தணித்தாள். "நானும் கொஞ்சம் தூக்கித்தான் ஒட்டினன். உங்க நாட்ச் வேற தப்பா, ரெண்டும் சேந்து ஓவராயிடுச்சு."

"தெரியும். ஏன் தூக்கின?"

கேட்டுவிட்டு டீ கிளாசை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"ஏறுமுகமா இருக்கட்டும்னுதான்க்கா."

"ஏறுமுகமா?"

"கையெழுத்து மேல ஏறற மாதிரி போடணும்னு டிவில காலைல ஒருத்தர் சொல்வாருல்ல? எறங்கற மாதிரி போட்டா சம்பாத்தியம் நிக்காதாம். எங்க வூட்டுக்காரர் மூணு கம்பெனி மாறிட்டாரு. அவர் கையெழுத்து பாத்தீங்கன்னா அப்படியே சறுக்கு மரம். நான் மாத்தச் சொன்னன். இப்ப நெலைச்சிருக்காரு. அதான் வண்டிக்கும் பேரு ஏறட்டுமேன்னு. வண்டி ஓடினாத்தான கம்பெனி இருக்கும், கம்பெனி இருந்தாத்தான எங்கள பர்மனென்ட் பண்ணுவாங்க."

ஜெயமணி தலையாட்டினாள்.

"வலது பக்கம் ஒட்டற புஷ்பாகிட்டயும் சொன்னன். போடி லூசுன்னுட்டா. இப்ப ஜிக் வேற குடுத்துட்டாங்க. இம்மி தூக்க முடியல."

டீக்கடைக்காரர் ஸ்பீக்கரில் தெலுங்குப் பாட்டு போட்டார். யாரோ கன்னடத்தில் திட்டி, சத்தத்தைக் குறைக்கச் சொன்னார்கள்.

"மேகலா, ஒரு நிமிஷம். அதைப் பாரேன்." வேலி ஓரம் நின்ற வண்டியைக் காட்டினாள். இடது பக்கம். "அந்த எழுத்தைப் பார்த்தா உனக்கு என்ன தோணுது?"

மேகலா பார்த்தாள். தலையைச் சாய்த்தாள். லைனில் சாய்த்த அதே சாய்ப்பு.

"நல்லா இருக்குக்கா. ஸ்டைலா இருக்கு. தடிமனா, பைக் ரேஸ் மாதிரி."

"பின்னால விழுற மாதிரி இல்ல?"

"வண்டியா?"

"எழுத்து."

மேகலா இன்னும் கொஞ்சம் பார்த்தாள். உதவ விரும்பினாள், அது முகத்தில் தெரிந்தது. "சைடு ஸ்டாண்டு போட்டிருக்காங்கல்ல, அதனால அப்படித் தெரியுதுக்கா."

ஜெயமணி பையிலிருந்து அட்டையை எடுத்தாள். அச்சுத்தாளைக் காட்டினாள். இடப்பக்கம் சாய்ந்த தாவு.

"இது என்னக்கா, இந்தப் பக்கம் சாஞ்சிருக்கு? இதுவும் மிஸ்டேக்கா?"

"ஆமா."

"பாவம்க்கா நீங்க" என்றாள் மேகலா. உண்மையாகவே சொன்னாள். சங்கு ஊதியது. கிளாசை வைத்துவிட்டு எழுந்தாள். "வரன்க்கா. மனசுல வச்சுக்காதீங்க. கையெழுத்து எப்படிப் போடறீங்கன்னு ஒருக்கா பாத்துக்கங்க." ஓடினாள். வாசலில் திரும்பிக் கை காட்டினாள்.

ஜெயமணி டீக்குக் காசு கொடுத்தாள். வேலி ஓரமாக நடந்தாள். வரிசையின் கடைசி வண்டி மற்றவற்றைப்போல் இல்லை. புகாருக்கு முன்னாலேயே வெளியே போனதாக இருக்க வேண்டும். பெயரின் பின் முனை ஒரு விரல் தூக்கியிருந்தது.

எதிரே குந்தி உட்கார்ந்தாள். எழுத்துகள் நிமிர்ந்து நின்றன. அவள் வரைந்ததில் விழாத இடது பக்கம் இது. அவளுக்காகச் செய்ததில்லை. எழுத்துக்காகவும் செய்ததில்லை. ஆனாலும் நின்றது.

வண்டிக்காரர் வந்தார். "ஏன்மா, எதாவது பாத்துட்டு இருக்கியா?"

"இல்லீங்க."

அவர் கிளப்பிக்கொண்டு போனார். போகும்போது அவளுக்கு வலது பக்கம்தான் தெரிந்தது.

*

ஞாயிற்றுக்கிழமை மாலை முத்துக்குமார் போன் செய்தான். பின்னால் யாரோ இந்தியில் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"என்ன செய்யுத?"

"சும்மாதான் இருக்கேன்."

"சாப்ட்டியா?"

"சாப்ட்டேன். நீங்க?"

"இங்க ஒருத்தன் புதுசா மெஸ் போட்டிருக்கான், மதுரக்காரன். குழம்புல உப்பே இல்ல. உப்பு எங்கன்னு கேட்டா, கடல்லன்னு சொல்லுதான்."

அவள் சிரித்தாள். அவனும் சிரித்தான். பிறகு இரண்டு பேரும் நிறுத்தினார்கள். அவன் கேட்கப்போவது அவளுக்குத் தெரிந்தது.

"எழுத்து முடிஞ்சுதா?"

மேசைமேல் கணினி திறந்திருந்தது. பெங்களூர் ஸ்டூடியோவில் இந்நேரம் யாரோ அ-விலிருந்து தொடங்கியிருப்பார்கள். எழுத்து வேலை போய்விட்டது என்று சொன்னால் அவன் வா என்று சொல்ல வேண்டும். சொல்லலாம். சொல்லாமலும் இருக்கலாம். அவன் சொல்லாவிட்டால் அந்த மௌனத்தைக் கேட்டுக்கொண்டு அவள் போனைப் பிடித்திருக்க வேண்டும்.

"இன்னும் இல்ல" என்றாள். "ண பாக்கி இருக்கு."

"போன வாரமும் அதத்தான சொன்ன."

"அது ரொம்ப அகலம்."

"சரி" என்றான். மறுபடியும், "சரி, முடி" என்றான்.

போனை வைத்தாள். நாற்காலியை இழுத்துக் கணினி முன் உட்கார்ந்தாள். வலச்சாய்வு ண-வை மூடினாள். அது இனி யாருக்கும் வேண்டாம். இடச்சாய்வைத் திறந்து, முதல் வளைவிலிருந்து தொடங்கினாள்.